பருவப் பட்டியலிலிருந்து முதலிடத்துக்கு: ஹார்வர்டு பதிப்பகம் பிக்கெட்டியின் நூலை வெளியிட்ட விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் புதிய நூலை வெளியிடும் செய்தி வழக்கமாக மிகச் சிலரையே எட்டுகிறது. ஆண்டுக்கு இருமுறை வரும் பருவப் பட்டியலில் ஒரு குறிப்பு, ஆசிரியரின் பணியிடத்தைச் சொல்லும் இரண்டு வரி, பின்னட்டைக்காகத் துறை அறிஞர் சிலரிடம் கேட்டு வாங்கிய பாராட்டு வாசகம், ஆய்விதழ்களுக்கு அனுப்பிய மதிப்புரைப் படிகள் ஆகியவற்றோடு அந்தச் செய்தியின் பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆய்விதழில் மதிப்புரை வெளிவருவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதற்குள் பதிப்பகத்தின் கவனம் அடுத்தடுத்த பருவங்களின் நூல்களுக்குப் போயிருக்கும். துறைசார் ஆய்வு நூல்களில் பல சில நூறு படிகளே விற்கின்றன. அவற்றையும் நூலகங்களே அதிகம் வாங்குகின்றன.

2014ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு பொருளியல் நூல் இந்த நடைமுறையை மீறியது. பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி எழுதிய ‘இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்’ என்ற அந்நூல் 700 பக்கத்தை நெருங்கும் மொழிபெயர்ப்பு, 39.95 டாலர் விலையிடப்பட்டது. வரைபடங்களும் அட்டவணைகளும் நிறைந்தது. அது 2014 மே 18ஆம் நாளிட்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில், புனைவல்லாத கெட்டி அட்டை நூல்களின் பிரிவில் முதலிடத்துக்கு வந்தது. 1913இல் தொடங்கிய அப்பதிப்பகம் அதுவரை கண்டிராத விற்பனை அது. 2015 ஜனவரிக்குள் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், சீனம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் மொத்தம் 15 லட்சம் படிகள் விற்றிருந்தன.

பிக்கெட்டியின் கோட்பாடு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று. ஓர் ஆய்வு நூலைப் பற்றிய செய்தி எங்கே பிறந்தது, யார் வழியாகப் பரவியது, அதில் பதிப்பகத்தின் பங்கு எவ்வளவு என்பதே இங்கு பார்க்கப்படுகிறது. இந்த வெற்றியை விளம்பரத்தின் வெற்றி என்றோ நல்ல வேளை என்றோ சொல்லிவிடுவது எளிது. இரண்டுமே பாதி உண்மைதான். பேச்சைத் தொடங்கி வைத்தது பதிப்பகம் அன்று. ஆனால் பேச்சு வந்து சேர்ந்தபோது நூல் தயாராக இருந்தது, அதன் தரவுகளும் திறந்து கிடந்தன. இந்த இரண்டுமே, பேச்சு எழும் என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே எடுத்த முடிவுகளின் விளைவு.

ஆசிரியர்: பதினைந்து ஆண்டு முன்கதை

செய்தி ஏடுகள் 2014இல் பிக்கெட்டியைத் திடீரெனத் தோன்றியவராகவே எழுதின. துறைக்குள் அவர் அப்போதே நன்கு அறியப்பட்டவர். 1971இல் பிறந்த அவர் 22 வயதில் முனைவர் பட்டம் பெற்று, 1993 முதல் 1995 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கற்பித்தார், பின் பாரிசுக்குத் திரும்பினார். அமெரிக்கப் பொருளியல் துறைகள் கணித மாதிரிகளில் காட்டிய ஈடுபாட்டை வரலாற்றுத் தரவுகளைத் திரட்டுவதில் காட்டவில்லை என்ற மனக்குறையை அவர் நூலின் முன்னுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்.

பிரான்சில் 1914இல் சட்டமான வருமான வரியின் ஆவணங்களும், புரட்சிக் காலத்திலிருந்து தொடரும் வாரிசுச் சொத்துப் பதிவுகளும் அவருக்கு மூலப்பொருளாயின. 20ஆம் நூற்றாண்டு பிரான்சில் உயர் வருமானத்தவரைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 2001இல் பிரெஞ்சில் வெளிவந்தது. பொருளியலாளர் எமானுவேல் சேயஸுடன் சேர்ந்து அமெரிக்க வருமான ஏற்றத்தாழ்வை 1913 முதல் 1998 வரை கணக்கிட்ட கட்டுரை 2003இல் வந்தது. பிரிட்டன் பொருளியலாளர் அந்தோனி அட்கின்சன் உள்ளிட்டோர் அதே முறையைப் பல நாடுகளுக்கு விரித்தனர். அவற்றைத் திரட்டிய உலக உயர் வருமானத் தரவுத்தளம் 2011இல் பொதுவெளிக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் ‘ஒரு சதவீதம்’, ‘99 சதவீதம்’ என்ற பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது, மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பங்கைக் காட்டப் பலரும் எடுத்தாண்டவை பிக்கெட்டி–சேயஸ் வரைபடங்களே. வரைபடங்கள் பிரபலமாகியிருந்தன; அவற்றை வரைந்தவரின் பெயர் மட்டும் பொதுவாசகருக்கு எட்டவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா ஏற்றத்தாழ்வையே மையமாக வைத்து உரையாற்றினார். நூல் வரும் முன்பே அதற்கான வாசகர் உருவாகிவிட்டிருந்தனர் என்று சொல்வதில் மிகையில்லை.

நூலின் மையக் கருத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். மூலதனம் ஈட்டும் வருவாய் விகிதம் பொருளாதார வளர்ச்சி விகிதத்தைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், ஏற்கெனவே குவிந்த சொத்து உழைப்பின் வருமானத்தைவிட வேகமாகப் பெருகும். பரம்பரைச் சொத்தின் முக்கியத்துவம் கூடும். 1914க்கும் 1970களுக்கும் இடையில் ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது போர்களாலும் பெருமந்தத்தாலும் வரிக் கொள்கைகளாலும் நேர்ந்த விலக்கே தவிர, முதிர்ந்த பொருளாதாரத்தின் இயல்பு அன்று என்பது வாதம். வளர்ச்சி முற்ற முற்ற ஏற்றத்தாழ்வு தானே குறையும் என்று 1950களில் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸின் ஆய்விலிருந்து பரவிய எதிர்பார்ப்புக்கு இது நேர் எதிரானது.

பதிப்பகம் எடுத்த முடிவுகள்

பிரெஞ்சு மூலத்தைப் பாரிசின் சேய் பதிப்பகம் 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு ஹார்வர்டு பதிப்பகத்தின் உட்பிரிவான பெல்நாப்பின் முத்திரையில் 2014 மார்ச்சில் வந்துவிட்டது. கல்விப் பதிப்புலகில் இது மிகக் குறுகிய இடைவெளி. மொழிபெயர்ப்பு நூலுக்கான நடைமுறை சாதாரணமாக இப்படி இருக்கும்: மூலம் வெளிவந்து, அதன் மொழியில் மதிப்புரைகள் சேர்ந்து, விற்பனை நிலவரம் தெரிந்த பின்பே வெளிநாட்டுப் பதிப்பாளர் உரிமை கேட்பார், மொழிபெயர்ப்புக்கு நிதி தேட வேண்டும், ஹார்வர்டைப் பொறுத்தவரை பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கொண்ட குழுவின் ஒப்புதல் பெறாமல் எந்த நூலும் பட்டியலில் ஏறாது. ஆயிரம் பக்கத்தை எட்டிப்பிடிக்கும் பிரெஞ்சு நூல் ஒன்று இந்தப் படிகள் அத்தனையும் கடந்து, மொழிபெயர்ந்து, மெய்ப்புத் திருத்தி, அச்சேறி வர மூன்று ஆண்டுகள் ஆனாலும் யாரும் வியக்கமாட்டார்கள். ஏழு மாத இடைவெளியில் அது வந்ததென்றால், பாரிஸ் விற்பனை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு எடுத்த முடிவாக அது இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளரின் தேர்வையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆர்தர் கோல்டுஹாமர் அலெக்சி தோக்வில் முதல் இக்கால வரலாற்றாசிரியர்கள் வரை நூற்றுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு நூல்களை ஆங்கிலமாக்கியவர். படிப்பால் கணிதவியலாளர், எம்.ஐ.டி.யில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சூத்திரமும், பால்சாக், ஜேன் ஆஸ்டின் போன்ற நாவலாசிரியர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும் ஒரு நூலுக்கு இதைவிடப் பொருத்தமானவரைத் தேடுவது கடினம். நூல் இயல்பான ஆங்கிலத்தில் படிக்கக் கிடைத்ததாலேயே நாளிதழ் மதிப்புரையாளர்கள் அதை நேரடியாக மேற்கோள் காட்ட முடிந்தது. கரடுமுரடான மொழிபெயர்ப்பாக இருந்திருந்தால் அவர்கள் சுருக்கம் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

அடுத்த முடிவு தேதி பற்றியது. முதலில் ஏப்ரல் என்று குறித்திருந்த வெளியீட்டைப் பதிப்பகம் மார்ச்சுக்கு முன்தள்ளியது. காரணம் வெளிப்படை. பிரெஞ்சு மூலத்தைப் படித்துவிட்ட ஆங்கில உலகப் பொருளியலாளர்கள் நூல் வரும் வரை காத்திருக்கவில்லை. உலக வங்கியின் ஆய்வுத் துறையில் முதன்மைப் பொருளியலாளராக இருந்த பிராங்கோ மிலனோவிச், பிரெஞ்சுப் பதிப்பை வைத்தே நீண்ட மதிப்புரை எழுதி, பொருளியல் சிந்தனையில் ஒரு திருப்பம் என்று அதைக் குறித்தார். ஓர் ஆய்விதழுக்காக எழுதிய அம்மதிப்புரை அச்சாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வரைவு வடிவில் கைமாறிக்கொண்டிருந்தது. கடையில் கிடைக்காத நூலைப் பற்றிய பேச்சு கூடிக்கொண்டே போவது ஒரு பதிப்பகத்துக்கு நல்ல செய்தி போலத் தோன்றும், உண்மையில் ஆபத்து. பேச்சு உச்சத்தைத் தொட்டு இறங்கிய பின் நூல் வந்தால், வாசகர் மதிப்புரைகளைப் படித்ததோடு நிறுத்திக்கொள்வார்.

வசந்தத்தில் நடந்தது

மார்ச்சில் நூல் வந்தது. ஏப்ரலில் ஆசிரியர் அமெரிக்கா வந்தார். வாஷிங்டனில் கருவூலச் செயலர் ஜாக் லூவைச் சந்தித்தார். பன்னாட்டு நிதியத்தில் பேசினார். நியூயார்க்கில் பால் குருக்மன், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய இரு நோபல் அறிஞர்களுடன் மேடையில் அமர்ந்தார். குருக்மனின் நெடிய மதிப்புரை ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ மே 8 இதழில் வந்தது. பொருளியலாளர்கள் ராபர்ட் சோலோ, லாரன்ஸ் சம்மர்ஸ் எழுதிய மதிப்புரைகளும் அதே பருவத்தில் வந்தன. சோலோவின் பெயரே வளர்ச்சிக் கோட்பாட்டோடு சேர்ந்தது. சம்மர்ஸ் பாராட்டோடு கடுமையான ஐயங்களையும் சேர்த்தே எழுதினார்.

இந்தப் பெயர்ப் பட்டியல் காட்டுவது ஒன்று உண்டு. மதிப்புரை எழுதியவர்கள் இலக்கியப் பத்திரிகைகளின் வழக்கமான மதிப்புரையாளர்கள் அல்லர். பிக்கெட்டியின் ஆய்வைப் பத்தாண்டுக்கும் மேலாகத் துறைக்குள் பின்தொடர்ந்தவர்கள். அவர்களில் சிலருக்குப் பொதுவாசகரிடம் பேசும் மேடையும் இருந்தது. ஆய்விதழ் வழியாக இரண்டாண்டு கழித்து வர வேண்டிய சக அறிஞர் மதிப்பீடு, பொதுவாசகர் இதழ்களின் வழியாக இரண்டே மாதங்களில் வந்துவிட்டது. எந்தப் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவும் இதை விலை கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாது. மதிப்புரைப் படிகளை உரிய கைகளில் உரிய நேரத்தில் சேர்ப்பது மட்டுமே அதனால் ஆவது.

தேவையை முழுமையாக ஈடுகட்டப் பதிப்பகத்தால் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் இறுதியில் அமேசான் விற்பனை வரிசையில் முதலிடத்தில் இருந்த நூல் அங்கேயே இருப்பில் இல்லாமல் போனது. அவசர மறு அச்சுகள் தேவைப்பட்டன. முதல் அச்சைப் பெரிதாகப் போடாததைத் தவறென்று சொல்வது பின்புத்தி. ஒரு கல்விப் பதிப்பகத்துக்கு விற்காமல் கிடங்கில் தேங்கும் கெட்டி அட்டைப் படிகள் தரும் அடி, சில வாரம் இருப்பில்லாமல் போவதால் வரும் இழப்பைவிடப் பெரிது.

தரவுச் சர்ச்சை

இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி மே மாதக் கடைசியில் நடந்தது. நூலில் உள்ள வரைபடங்களுக்கு அடிப்படையான எக்செல் கோப்புகளையும் ஒரு தொழில்நுட்பப் பின்னிணைப்பையும் பிக்கெட்டி இணையத்தில் முழுமையாக வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் ஒரு வரைபடத்திலிருந்து அதன் அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து கட்டத்துக்குள் இருக்கும் சூத்திரத்துக்கும் போய்ப் பார்க்கலாம். ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ நாளிதழின் பொருளாதார ஆசிரியர் கிறிஸ் ஜைல்ஸ் அதைத்தான் செய்தார்.

2014 மே 23 அன்று அந்நாளிதழ் வெளியிட்ட குற்றச்சாட்டுகள் நூலின் பத்தாம் அத்தியாயத்தை, அதாவது சொத்துக் குவிப்பின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய பகுதியைக் குறிவைத்தன. சில மிகச் சிறியவை: சுவீடனின் 1920ஆம் ஆண்டுக்குரிய கட்டத்தில் மூலத் தரவின் 1908ஆம் ஆண்டு எண் இடம்பெற்றிருந்தது. சில விளக்கம் கோருபவை: அமெரிக்கத் தரவின் சில சூத்திரங்களில் காரணம் குறிக்கப்படாமல் ஓர் எண் கூட்டப்பட்டிருந்தது. பெரியது பிரிட்டன் பற்றியது. 2010 அளவில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம் மொத்தச் சொத்தில் 71 சதவீதம் இருப்பதாக நூல் காட்டியது. பிரிட்டன் அரசுப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கெடுப்போ அது 44 சதவீதம் என்றது. இந்த வேறுபாடு ‘ஏற்றத்தாழ்வு கூடுகிறது’ என்ற வாதத்தையே பிரிட்டனைப் பொறுத்தவரை ஆட்டங்காண வைக்கும் என்பது நாளிதழின் முடிவு.

பிக்கெட்டி சில நாட்களுக்குள் விரிவான மறுமொழியை இணையத்தில் வைத்தார். மக்களே தம் சொத்தைச் சொல்லும் கணக்கெடுப்புகள் பெரும் செல்வந்தரின் சொத்தைக் குறைத்தே காட்டும். வாரிசுச் சொத்து வரி ஆவணங்களிலிருந்து பெறும் எண்ணோடு அவற்றை நேரடியாக ஒட்டவைத்தால், இல்லாத வீழ்ச்சி ஒன்று வரைபடத்தில் முளைக்கும் என்பது அவருடைய விடையின் சாரம். பல்வேறு மூலங்களிலிருந்து பல்வேறு காலங்களுக்குக் கிடைக்கும் தரவுகளை ஒரே தொடராக்கும்போது திருத்தங்கள் தவிர்க்க முடியாதவை என்றும், அவற்றை இன்னும் தெளிவாக விளக்கியிருக்கலாம் என்றும் அவர் ஏற்றுக்கொண்டார். துறைக்குள் பலரும் குற்றச்சாட்டு அதன் தலைப்பு சொன்ன அளவுக்குப் பெரிதன்று என்றே கருதினர். ஆனால் சொத்துத் தரவு வருமானத் தரவைவிட மிகவும் பலவீனமானது என்ற உண்மை அதன் வழியாகப் பொதுவாசகருக்கும் தெரிந்தது. அதே நாளிதழ் மெக்கின்சி நிறுவனத்துடன் சேர்ந்து வழங்கும் அவ்வாண்டின் சிறந்த வணிக நூல் விருது நவம்பரில் இதே நூலுக்குத்தான் போனது.

இதைப் பதிப்பகத்துக்கு நேர்ந்த நெருக்கடி என்று சிலர் எழுதினர். என் கணிப்பு வேறு. கோப்புகள் மூடப்பட்டிருந்தால் இந்தச் சர்ச்சையே எழுந்திராது. எழுந்திருந்தாலும் ‘எண்களைக் காட்டு’ என்ற ஒரே கோரிக்கையில் தேங்கி, ஆசிரியரின் நேர்மை மீதான ஐயமாக மாறியிருக்கும். திறந்திருந்ததால், சண்டை குறிப்பிட்ட கட்டங்களைப் பற்றியதாக இருந்தது. படிப்பவர் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு தாமே சரிபார்க்க முடிந்தது. அறிவியல் இதழ்களில் இன்று தரவுப் பகிர்வு பழக்கமாகிவிட்டது. 700 பக்கத்துச் சமூக அறிவியல் நூல் ஒன்று அதே அளவுகோலுக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டது அப்போது அரிது. இப்போதும் போதுமான அளவுக்கு இல்லை.

விமர்சனம் நாளிதழோடு நிற்கவில்லை. எம்.ஐ.டி.யில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த மேத்யூ ராக்ன்லி, மூலதனத்தின் பங்கில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட உயர்வின் பெரும்பகுதி வீட்டு மதிப்பிலிருந்து வருவதாக வாதிட்டு 2015இல் விரிவான கட்டுரையை முன்வைத்தார். பொருளியலாளர் டேரன் அசெமோக்லுவும் அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ராபின்சனும் பொதுவிதிகளைத் தேடுவதே சிக்கல், அரசியல் நிறுவனங்களைப் பார்க்க வேண்டும் என்றனர். பிக்கெட்டியும் அதே ஆண்டு ஓர் ஆய்விதழ்க் கட்டுரையில், வருவாய்–வளர்ச்சி விகித வேறுபாடு உழைப்பு வருமானத்தின் ஏற்றத்தாழ்வை விளக்கும் கருவி அன்று என்று எல்லை குறித்தார்.

வாங்கியவர்களும் படித்தவர்களும்

கணிதவியலாளர் ஜோர்டன் எல்லன்பர்க் 2014 ஜூலையில் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார். கிண்டில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து பகுதிகளின் பக்க எண்களைச் சராசரியாக்கி, நூலின் மொத்தப் பக்கத்தோடு ஒப்பிடுவது அந்தக் கணக்கு. பிக்கெட்டியின் நூலுக்குக் கிடைத்தது 2.4 சதவீதம், அடிக்கோடிட்ட ஐந்து பகுதிகளும் முதல் 26 பக்கங்களுக்குள் அடங்கிவிட்டன. அவரே இதை அறிவியல் அளவீடு என்று சொல்லவில்லை. முன்னுரையில் முழு வாதமும் சுருக்கமாக வந்துவிடும் ஒரு நூலில் அடிக்கோடுகள் அங்கேயே குவிவது இயல்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும், விற்பனை எண்ணை வாசிப்பு எண்ணாக எடுத்துக்கொள்ளும் செய்திக் குறிப்புகளுக்கு இது நல்ல கடிவாளம்.

பின்வந்த பட்டியல்கள்

ஒரு நூல் பெரும் கவனம் பெற்றபின் அதே ஆசிரியரிடமிருந்து அடுத்த நூலை விரைவில் வாங்கிப் போடுவது வணிகப் பதிப்பாளர் இயல்பு. ஹார்வர்டின் அடுத்த சில பட்டியல்கள் பின்னோக்கியும் பார்த்தன. பிக்கெட்டி 1997இல் மாணவர்களுக்காக எழுதிய சிறுநூலின் ஆங்கிலப் பதிப்பு 2015இல் வந்தது. ஹெதர் பூஷே, பிராட்ஃபோர்டு டிலாங், மார்ஷல் ஸ்டைன்பாம் தொகுத்த, அவரது வாதத்தைப் பல கோணங்களில் சோதிக்கும் கட்டுரைத் தொகுப்பை 2017இல் அதே பதிப்பகம் வெளியிட்டது. தன் நட்சத்திர ஆசிரியரைக் கேள்வி கேட்கும் நூலைத் தானே கொண்டுவருவது ஒரு கல்விப் பதிப்பகத்துக்கு மட்டுமே இயல்பாக வரும் காரியம். 2019இல் பிரெஞ்சில் வந்த அடுத்த பெருநூலின் ஆங்கிலப் பதிப்பு, ஏறத்தாழ 1,100 பக்கங்களோடு, 2020 மார்ச்சில் வந்தது. முதல் நூலை வெளியிட்ட சீனப் பதிப்பகம் இதில் சீனாவைப் பற்றிய பகுதிகளை வெட்டச் சொன்னபோது ஆசிரியர் மறுத்துவிட்டார்.

இந்த வரிசையில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது 2018ஆம் ஆண்டுப் பட்டியல். இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்த 2001ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வு நூல் அப்போதுதான் ஆங்கிலத்தில் வந்தது. 2003க்குப் பின் வந்த ஏற்றத்தாழ்வு ஆய்வுகள் பலவற்றுக்கு முறையியல் தந்த அந்நூலை, பிரெஞ்சு அறியாத ஆய்வாளர்கள் 17 ஆண்டுகளாகக் கட்டுரைச் சுருக்கங்கள் வழியாக மட்டுமே அறிந்திருந்தனர். தனியாக நின்றிருந்தால் அதன் மொழிபெயர்ப்புச் செலவை எந்தப் பதிப்பகமும் ஏற்றிருக்கும் வாய்ப்பு குறைவு. விற்பனைப் பட்டியல்களில் அது இடம்பெறவில்லை. இடம்பெறும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.